இறுதியாட்டத்துக்கு முந்திய ஆவல்

உதைபந்தாட்டத்தின் சுவை ஆட்டத்திலே மாத்திரம் அடங்குவதன்று. அதற்கு முந்திய காத்திருப்பிலும் பெரும்பங்கு உண்டு. புத்தளம் மாவட்டக் கரையோரத்தார்க்குக் காத்திருத்தல் பழகிய தொழில். கரைவலையை வளைத்துவிட்டு இருமருங்கும் கயிறிழுப்போர், மடி கரையேறும்வரை அதனுள் இருப்பது யாதென அறியார். ஆயினும் அவர்தம் கைகளுக்கு வேலையுண்டு. இரசிகனுக்கோ அதுவுமில்லை; முடிவை மாற்றும் ஆற்றல் சிறிதும் அற்றவன் அவன். அதனாலேயே அவனுடைய ஆவல் பேச்சாகவும் வாதமாகவும் கொடியாகவும் வெளிப்படுகின்றது.

முடிவை அறியாமையே ஆவலுக்குக் காரணம் என்பாருமுளர். அது முற்றும் பொருந்தாது. உடப்புத் திரௌபதையம்மன் ஆலய ஆடி விழாவிலே, பாரதக் கதையை நன்கறிந்தவரே தீமிதிப்பு நாளை எண்ணிக் காத்திருக்கின்றனர். பலர் ஒருங்குகூடிக் காத்தலே ஆவலைப் பெருக்குகின்றது.

உலகக் கிண்ணப் போட்டி பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றால் இக்கடல் கொந்தளிக்கும் ஆனி ஆடியில் வருவது. கட்டாரின் கோடை வெப்பத்தை அஞ்சி 2022இல் அது கார்த்திகை மார்கழிக்கு மாற்றப்பட்டது. இக்கரையில் கரைவலைக் காலமும் அதுவே. டிசம்பர் 18இல் ஆர்ஜென்டீனாவும் பிரான்சும் மோதிய இறுதியாட்டம் இலங்கை நேரப்படி இரவு 8.30க்குத் தொடங்கிற்று, சிறுவரும் முதியோரும் விழித்திருக்கும் வேளை. 2014இலோ நள்ளிரவு கடந்து 12.30 மணி.

அயல்நாட்டுக் கொடிகளை நம்மவர் ஏந்துவதைச் சிலர் குறைகூறுவர். அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். 1995இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1–0 என வென்றது. பின்வந்த கால் நூற்றாண்டில் அக்கிண்ணம் மீண்டும் இலங்கைக்குக் கிட்டவில்லை.