ஈறு நோயும் நம் கடமையும்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய மரபினர் நாம். எனினும், பல்லை நோக்கும் நாம் அதனைத் தாங்கி நிற்கும் ஈற்றை நோக்குவது அரிது.

நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்நலத்தை, நோர்வே நாட்டினரான ஹரால்ட் லோ என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் 1970ஆம் ஆண்டு முதல் 15 ஆண்டுகள் ஆராய்ந்தனர். அத்தொழிலாளரிடம் பல் துலக்கும் வழக்கம் இல்லை. ஆயினும் சூத்தைப் பல் மிக அரிதாகவே காணப்பட்டது. ஈறோ எல்லோர்க்கும் அழற்சியுற்றிருந்தது. நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லின் பிடிமானம் விரைந்து அழிந்தது. 81 பேருக்கு மெல்ல அழிந்தது. 11 பேருக்கு நோய் ஈற்றழற்சியோடு நின்றது. பல்லிற் படிந்த அழுக்கு ஒரு தன்மையதே. அதனை எதிர்க்கும் உடலின் ஆற்றலே வேறு வேறு.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, டவுண் சின்றோம் உடைய பிள்ளைகளை நோக்குவோம். 1866இல் ஆங்கில மருத்துவர் லாங்டன் டவுண் விவரித்த இந்நிலைக்கு, 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதே காரணம் என 1959இல் பிரான்சிய அறிஞர் காட்டினர். இப்பிள்ளைகளுக்குச் சூத்தைப் பல் பெரும்பாலும் குறைவு. ஈறு நோயோ இளமையிலேயே தோன்றிக் கடுமையாக வளரும். கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் செவ்வனே தொழிற்படாமை, பல்வேர் குறுகியிருத்தல், வாயால் மூச்சுவிடுதல் ஆகியன இதற்குரிய காரணங்களாம். சூத்தையின்றி வெள்ளையாய்த் தோன்றும் பல் பெற்றோரை ஏமாற்றிவிடுகின்றது. அது ஆடத் தொடங்கிய பின்னரே நோய் தெரிய வருகின்றது.

இஃது விதியன்று, தடுக்கத்தக்கதே. பிள்ளையின் கை தேறும்வரை பெரியோர் ஒருவர் பின்னால் நின்று, தலையைத் தம் மார்பிற் சாய்த்து, இதழை விலக்கி, மென்மையான சிறு தூரிகையால் ஈற்றோரத்தை நாள்தோறும் இருமுறை துலக்குதல் வேண்டும். குருதி கசிந்தால் துலக்குதலை நிறுத்தலாகாது. கசிவே நோயின் முதல் அறிகுறி. பல் வைத்தியரிடம் காலந்தோறும் காட்டிப் பற்காரையை நீக்குவித்தலும் இன்றியமையாதது. இவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இதயக் குறையோடு பிறக்கின்றனர். ஈற்றின் வழியே குருதியிற் கலக்கும் கிருமி அத்தகைய இதயத்தைத் தாக்கவுங் கூடும். ஆதலின் பல் பிடுங்குமுன் இதயக் குறையை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

ஸ்பிரிங்வெளி முதலிய ஊவாத் தோட்டங்களில் விடிந்ததும் மலையேறும் தாய்க்கு நேரம் அரிது. பிள்ளை மடுவத்திலும் பள்ளியிலும் உள்ள நாம் அப்பணியிற் பங்குகொள்ளலாம். பதுளை வைத்தியசாலைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லத் துணைநிற்றல் பழைய மாணவர்க்கு ஏற்ற தொண்டாகும். நன்றாக மென்று உண்ணவும், தெளிவாகப் பேசவும், நோவின்றிச் சிரிக்கவும் இப்பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு.