பெட்டிக்குள் படம், சந்தையில் பாட்டு

டிசம்பர் வந்துவிட்டால் பதிப்புரிமை பற்றிய கடிதங்களும் வந்துவிடுகின்றன. மிக்கி மவுஸை உலகுக்கு அறிமுகம் செய்த 'ஸ்டீம்போட் வில்லி' 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுச்சொத்து ஆனது. அதிலிருந்து, புத்தாண்டு நெருங்கினாலே அடுத்து எந்தப் பழைய படம் விடுதலையாகும் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். இம்முறை வந்தவற்றில் பல ஒரே படத்தைப் பற்றியவை. டிஸ்னி நிறுவனம் 1946-இல் எடுத்த 'ஸாங் ஆஃப் த சவுத்'. அமெரிக்க அரசு அதைத் தடை செய்துவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். கறுப்பின அமைப்புகள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியதாக இன்னொருவர். வரும் ஜனவரி 1 அன்று படம் யாவருக்கும் கிடைக்கும் என்று மூன்றாமவர்.

மூன்றும் தவறு. எந்த அரசும் அதைத் தடை செய்யவில்லை. எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. படத்தின் சொந்தக்காரரே அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறார். சாவி அவரிடம் இருக்கப்போவது 2041 டிசம்பர் 31 வரை.

அமெரிக்கத் திரையரங்குகளில் படம் கடைசியாக வெளியானது 1986-இல். வீட்டில் பார்க்கும் வீடியோவாக அந்த நாட்டில் அது ஒருபோதும் விற்கப்படவில்லை. பிரிட்டனிலும் ஜப்பானிலும் விற்றார்கள். டிஸ்னி பிளஸ் தளம் தொடங்கிய 2019 நவம்பர் 12, தற்செயலாக இந்தப் படம் அட்லாண்டாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டதன் 73-ஆவது ஆண்டு நாள். தளத்தின் பட்டியலில் படம் இல்லை. எச்சரிக்கை வாசகம் சேர்த்தாலும் இன்றைய உலகுக்கு அது பொருந்தாது என்று 2020-இல் பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனத்தின் அப்போதைய செயல் தலைவர் பாப் ஐகர் சொல்லிவிட்டார்.

'இன்றைய உலகுக்கு' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. தளத்தில் இருக்கும் மற்றப் பழைய படங்களுக்கு 2019-இல் போட்ட குறிப்பிலும் இதே வாடை வீசியது. காலாவதியான பண்பாட்டுச் சித்திரிப்புகள் இருக்கலாம் என்றது அது. காலாவதி என்பது மருந்துக்குச் சொல்வது. தயாரித்த அன்று நன்றாக இருந்தது, நாள்பட்டுக் கெட்டது என்று பொருள். இந்தப் படம் அப்படியல்ல. வெளியான அதே நவம்பரில், கறுப்பின மக்களின் உரிமைக்கான பெரிய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் செயலாளர் வால்டர் வைட் பத்திரிகைகளுக்குத் தந்தி அனுப்பினார். படத்தின் கலைத்திறனை ஒப்புக்கொண்ட அவர், எசமானுக்கும் அடிமைக்கும் இடையில் இனிய உறவு நிலவியது போன்ற ஆபத்தான எண்ணத்தைப் படம் பரப்புவதாக வருந்தினார். நியூயார்க்கில் திரையரங்கு வாசலில் மறியல் நடந்தது. அதற்கு முன்பே, திரைக்கதை எழுதும்போதே, டால்டன் ரேமண்ட் எழுதியதைத் திருத்த மாரிஸ் ராஃப் என்ற இடதுசாரி எழுத்தாளரை டிஸ்னியே அமர்த்தியிருந்தது. சிக்கல் இருப்பது 1946-க்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் வெளியிட்டார்கள்.

படம் காட்டுவது உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஜார்ஜியா மாநிலத் தோட்டம் ஒன்றை. ஆண்டு எது என்று படம் சொல்லாததால், வயதான அங்கிள் ரீமஸ் அடிமையா, விடுதலை பெற்றவரா என்பதே பலருக்குப் புரிவதில்லை. நம்மூர்ப் பிள்ளைகள் 'அங்கிள்' என்று கூப்பிடுவதில் மரியாதை இருக்கிறது. அமெரிக்கத் தென்பகுதியில் வயதான கறுப்பினத்தவரை 'மிஸ்டர்' போட்டு அழைக்க மனமில்லாத வெள்ளையர் வைத்துக்கொண்ட சொல் அது. அங்கே அது மரியாதையை மறுக்கும் வழி. அவர் சொல்லும் முயல், நரி, கரடிக் கதைகள் கறுப்பின அடிமைகளுடையவை. அவற்றில் பலவற்றின் வேர் ஆப்பிரிக்காவில். சிறு வயதில் ஒரு தோட்டத்தில் அவற்றைக் கேட்டு, 1880-இல் தன் பெயரில் நூலாக்கியவர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைப் பத்திரிகையாளர். ஹாரிஸ் பிறந்த ஈட்டன்டன் ஊரிலேயே பிற்காலத்தில் பிறந்த எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், தன் மரபை ஹாரிஸ் திருடிக்கொண்டதாகவே எழுதியிருக்கிறார்.

ஆகவே, படத்தின் மீதான குற்றச்சாட்டு பொய் என்று வாதாட நான் வரவில்லை. குற்றச்சாட்டு முழு உண்மை. படத்தைப் பூட்டிய விதம்தான் என்னை உறுத்துகிறது.

படத்தை மொத்தமாகப் பூட்டவில்லை, பிரித்துப் பூட்டினார்கள். சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஜிப்-அ-டீ-டூ-டா' பாட்டு வெளியே இருந்தது. இசைத்தட்டுகளில், குழந்தைகள் சேர்ந்து பாடும் வீடியோக்களில் விற்றது. முயலும் நரியும் கரடியும் வெளியே இருந்தன. கடைசித் திரையிடல் முடிந்து மூன்றே ஆண்டில், 1989-இல், கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்ற தண்ணீர்ச் சறுக்கு திறக்கப்பட்டது. முழுக்க முழுக்க இந்தப் படத்தின் கதை. 1992-இல் புளோரிடாவிலும் டோக்கியோவிலும் அதே சறுக்கு. நரி வைக்கும் தார்ப் பொம்மை இனவசைக்கு இடம் தருவதால் அதை எடுத்துவிட்டுத் தேன்கூட்டை வைத்தார்கள். கதை சொல்லும் ரீமஸ் இல்லை. புளோரிடாவில் அவர் இடத்தில் ஒரு தவளை. முப்பது ஆண்டுக்கு மேலாகக் குழந்தைகள் அந்தப் பாட்டைக் கேட்டபடி படகில் சரிந்து விழுந்தார்கள். எந்தப் படத்துக்குள் இருக்கிறோம் என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிய வழியில்லை.

எது வெளியே இருந்தது, எது உள்ளே போனது என்று பாருங்கள். பாட்டு, விலங்குகள், சறுக்கு எல்லாம் காசு. உள்ளே போனவர் ரீமஸாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட். நரிக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. அட்லாண்டா திரையிடல் விழாவுக்கு அவர் வர இயலவில்லை. இனப்பிரிவினைச் சட்டம் அந்த நகரில் கறுப்பினத்தவரை வெள்ளையருடன் சமமாக உட்கார விடவில்லை. 1948 மார்ச்சில் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் தரப்பட்டது. ஆஸ்கர் சிலையைப் பெற்ற முதல் கறுப்பின ஆண் நடிகர் அவர்தான். இனவெறிச் சித்திரிப்புக்காகப் படத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்கிறார்கள். அந்தச் சித்திரிப்பின் சுமையைத் தாங்கிய கறுப்பினக் கலைஞர் மறைந்தார். அதிலிருந்து வந்த வருமானம் மறையவில்லை. சறுக்கை மாற்றப்போவதாக நிறுவனம் அறிவித்தது 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்து நாடே தெருவில் நின்றபோது. புளோரிடாவில் 2023 ஜனவரியிலும் கலிபோர்னியாவில் அதே ஆண்டு மே மாதத்திலும் மூடி, கறுப்பின இளவரசி தியானாவின் கதையாக மாற்றி 2024-இல் திறந்தார்கள். டோக்கியோவில் பழையதே ஓடுகிறது. மனசாட்சி காரணம் என்றால், 1989-க்கும் 2020-க்கும் இடையிலான 31 ஆண்டுகளுக்கு நிறுவனத்திடம் என்ன பதில் இருக்கிறது?

இந்தப் பூட்டு எவ்வளவு நாளுக்கு என்ற கணக்கைப் பலரும் கவனிப்பதில்லை. படம் வந்தபோது அமெரிக்காவில் இருந்தது 1909-ஆம் ஆண்டுச் சட்டம். 28 ஆண்டு உரிமை, புதுப்பித்தால் இன்னொரு 28. அதன்படி 2002 முடிவில் படம் பொதுச்சொத்தாகியிருக்கும். 1976-இல் சட்டத்தை மாற்றி 75 ஆண்டாக்கினார்கள். முடிவு 2021-க்குத் தள்ளிப்போனது. 1998-இல் மீண்டும் நீட்டி 95 ஆக்கினார்கள், இப்போது 2041. இந்தக் கடைசி நீட்டிப்புக்காக முன்னின்று பாடுபட்ட நிறுவனங்களில் ஒன்று டிஸ்னி. மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம் என்றே அதற்குப் பட்டப்பெயர்.

அன்று நீட்டிப்புக்கு ஆதரவாகச் சொன்ன காரணங்களில் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். உரிமைக்காலம் நீண்டால், பழைய படைப்புகளைச் செப்பனிட்டு மக்களிடம் கொண்டுசேர்க்க உரிமையாளருக்கு ஊக்கம் பிறக்கும் என்றார்கள். 2003-இல் எல்ட்ரெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று சட்டத்தை ஏற்றபோது, இந்தக் காரணமும் தீர்ப்பில் இடம்பெற்றது. கொண்டுசேர்ப்பார்கள் என்று சொல்லி வாங்கிய 20 ஆண்டு, 'ஸாங் ஆஃப் த சவுத்' விஷயத்தில் கொண்டுசேர்க்காமல் இருக்கப் பயன்படுகிறது. படம் மோசமானது என்று நிறுவனமே சொல்கிறது. அந்த மோசத்துக்கான சான்றை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் நிறுவனத்திடமே இருக்கிறது.

அதே 1998 சட்டத்தில் ஒரு சிறு கதவு உண்டு. உரிமைக்காலத்தின் கடைசி 20 ஆண்டுகளில், ஒரு படைப்பு வழக்கமான விற்பனையில் இல்லை, நியாயமான விலைக்கும் கிடைக்கவில்லை என்றால், நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பாதுகாப்புக்கும் ஆய்வுக்கும் அதைப் பிரதியெடுத்து வழங்கலாம். இந்தப் படம் 2022 முதல் அந்தக் கடைசி 20 ஆண்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் உரிமையாளர் மறுப்பு அறிவிப்புக் கொடுக்கவும் அதே பிரிவு இடம் வைத்திருக்கிறது.

பூட்டு நிறுவனத்தின் கொள்கையாகவே இருந்ததா என்றும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. 1970-இல் இந்தப் படத்தை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. 1972-இல் மீண்டும் வெளியிட்டார்கள், நல்ல வசூல். பிறகு 1980, 1986. தன் படங்களைச் சில ஆண்டு பெட்டியில் வைத்து, தேடல் மிகுந்ததும் வெளியே எடுப்பது டிஸ்னியின் பழைய வியாபார முறை. வெட்கத்துக்காக மூடியதும் விற்பனைக்காக மூடியதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. 2020 ஜூனில் 'கான் வித் த விண்ட்' படத்தை எச்பிஓ மேக்ஸ் தன் தளத்திலிருந்து நீக்கியது. இரண்டே வாரத்தில், கறுப்பினத் திரைப்பட அறிஞர் ஜாக்குலின் ஸ்டீவர்ட் பேசும் முன்னுரையுடன் திரும்ப வைத்தது. யார் பேசுகிறார், எதைப் பேசுகிறார் என்பது பார்வையாளருக்குத் தெரிகிறது. 'ஸாங் ஆஃப் த சவுத்' படத்தை வெளியில் வைத்துப் பேச வேண்டும் என்று 2017-இல் டிஸ்னியின் சொந்த விழா மேடையிலேயே கேட்டவர் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பெர்க்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

'டம்போ', 'பீட்டர் பான்', 'அரிஸ்டோகேட்ஸ்' டிஸ்னி பிளஸிலிருந்து நீக்கப்பட்டுவிட்டனவா? இல்லை, 2021-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான கணக்கிலிருந்து மட்டும் நீக்கினார்கள், பெரியவர் கணக்கில் உண்டு.

எச்சரிக்கை வாசகம் மாறியதா? 2020-இல், இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்று நேராகச் சொல்லும் வாசகம் படத்துக்கு முன்னால் வந்தது. 2025-இல் அதைச் சுருக்கிவிட்டார்கள். எனக்கு 2020 வாசகமே சரி.

வார்னர் கார்ட்டூன்கள்? இனவெறிச் சித்திரிப்பு காரணமாக 11 படங்கள் 1968 முதல் தொலைக்காட்சிக்கு வருவதில்லை.

'டாம் அண்ட் ஜெர்ரி'யில் காலும் செருப்பும் மட்டும் தெரியும் கறுப்பினப் பெண்மணி? 1960-களில் சில படங்களில் அவருக்கு வேறு குரல் கொடுத்தார்கள், சிலவற்றில் ஆளையே மாற்றி வரைந்தார்கள்.

இணையத்தில் விற்கும் 'ஸாங் ஆஃப் த சவுத்' குறுந்தகடு வாங்கலாமா? வேண்டாம், அது திருட்டுப் பிரதி.

இந்தியாவில் இப்படிப் பூட்ட முடியுமா? இதற்கு மட்டும் ஒரு வரி போதாது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, ஏற்கெனவே வெளியான படைப்பை மீண்டும் வெளியிட உரிமையாளர் மறுத்து, அதனால் மக்களுக்கு அது கிடைக்காமல் போனால், முறையிட்டவருக்குக் கட்டாய உரிமம் தர வழி செய்கிறது. 2012 திருத்தம் வரை அது இந்தியப் படைப்புகளுக்கு மட்டும் இருந்தது. இப்போது எந்தப் படைப்புக்கும். உரிமையாளரின் மறுப்பு நியாயமானதா என்று விசாரித்தே முடிவெடுப்பார்கள். பூட்டியவர் ஒருவர், நியாயம் பார்ப்பவர் வேறொருவர். அமெரிக்கச் சட்டத்தில் இல்லாதது இதுதான்.

'ஸாங் ஆஃப் த சவுத்' படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். தனியாக விட்டுக் காட்டாதீர்கள் அம்மா. பாட்டு மட்டும் கேட்கிறார்கள் என்றால், அதைத் திரையில் பாடியவர் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். ஜேம்ஸ் பாஸ்கெட், ஆஸ்கர் வாங்கி நான்கு மாதம் முடியுமுன், 1948 ஜூலை 9 அன்று, 44 வயதில் இறந்தார். அந்த ஆஸ்கருக்குரிய நடிப்பை முழுமையாக வீட்டில் பார்க்க, அவர் நாட்டு மக்களுக்கு டிஸ்னி இன்றுவரை ஒரு பிரதிகூட விற்றதில்லை.