ஒரு லிட்டர் மலிவா? வாசனை எண்ணெய்க்கு ஒரு வெரிபீ கணக்கு

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரை ஒட்டிய வெரிபீயில் வீட்டிலேயே மெழுகுவர்த்தி வார்த்து விற்பவருக்குச் சரக்கறையில் மூன்று பெரிய செலவுகள்: மெழுகு, கண்ணாடிக் குவளை, வாசனை எண்ணெய். குவளை எத்தனை வருடம் கிடந்தாலும் குவளைதான். மெழுகும் எளிதில் கெடாது. நாள் போகப் போக மதிப்பை இழப்பது எண்ணெய் மட்டுமே. ஆனால் பெரிய பாட்டிலாக வாங்கு, மிச்சம் பிடி என்று ஆசை காட்டுவதும் அந்த எண்ணெய்தான்.

முதலில் அளவு. சோயா மெழுகில் வழக்கமாக 6 முதல் 10 சதவீதம் வாசனை சேர்ப்பார்கள். 8 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 200 கிராம் மெழுகுக்கு 16 கிராம் எண்ணெய். மாதம் 20 மெழுகுவர்த்தி, நான்கு வாசனை என்றால் ஒவ்வொன்றிலும் ஐந்து. அதாவது ஒரு வாசனைக்கு மாதம் 80 கிராம்.

இனி விலை. கடைக்குக் கடை மாறும் என்பதால், கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம் (1 மில்லி ஏறக்குறைய 1 கிராம்):

- 100 மில்லி, 15 டாலர்: மெழுகுவர்த்திக்கு 2.40 டாலர்
- 500 மில்லி, 55 டாலர்: மெழுகுவர்த்திக்கு 1.76 டாலர்
- 1 லிட்டர், 95 டாலர்: மெழுகுவர்த்திக்கு 1.52 டாலர்

அரை லிட்டரை இரண்டு முறை வாங்கினால் 110 டாலர். ஒரு லிட்டராக வாங்கினால் 15 டாலர் மிச்சம். ஆனால் லிட்டர் பாட்டில் தீர 12 மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை எண்ணெய் தாங்குமா என்பதில்தான் லாபமும் நட்டமும்.

மூடிய பாட்டில், குளிர்ந்த இருட்டான இடம் என்றால் பெரும்பாலான வாசனை எண்ணெய்கள் ஒன்று முதல் இரண்டு ஆண்டு நிற்கும். ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம்தான். அவற்றின் முக்கியக் கூறான லிமோனின் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எளிதில் ஆவியாகும், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து டர்பன்டைன் நெடிக்கு மாறும். வெனிலாவின் வெனிலின் 285 டிகிரியில்தான் கொதிக்கும். சந்தனத்தின் சாண்டலால் 300 டிகிரி அளவில். எனவே அவை நிதானமாக நிற்கும். வெனிலா எண்ணெய் பழுப்பாவதும் மல்லிகை எண்ணெய் கருப்பதும் நிற மாற்றமே; அதை வைத்து மட்டும் கெட்டுவிட்டதென்று கொட்டிவிட வேண்டாம்.

ஆரஞ்சு எண்ணெய் ஏழு மாதத்தில் மங்குவதாகக் கொள்வோம். அதற்குள் செலவாவது 560 கிராம், 35 மெழுகுவர்த்தி. மீதி 440 கிராம் குப்பைக்கு. 95 டாலரை 35-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 2.71 டாலர். 100 மில்லி பாட்டிலின் 2.40-ஐ விட இது அதிகம்! லிட்டர் பாட்டில் அரை லிட்டரை விட மலிவாக வேண்டுமானால் குறைந்தது 864 கிராமை நல்ல நிலையில் தீர்த்தாக வேண்டும். நம் வேகத்தில் ஏறக்குறைய 11 மாதம்.

இந்த இடத்தில்தான் வெரிபீயின் வெயில் கணக்கில் நுழைகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினை ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் 40 டிகிரி ஷெட்டில் ஒரு மாதம் என்பது 20 டிகிரி அலமாரியில் நான்கு மாதம். 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்ன் நகரில் 46.4 டிகிரி, வெரிபீக்குத் தென்மேற்கே உள்ள அவலோனில் 47.9. லிமோனினின் தீப்பற்றுநிலை 48 டிகிரி. தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் வெளியைவிட ஏறும் என்பதால், கராஜிலோ ஷெட்டிலோ ஆரஞ்சு எண்ணெய் வைப்பது தரத்துக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் கேடு.

தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாங்கிக் குவித்து, மிஞ்சியதை ஜனவரி, பிப்ரவரி வெயிலில் விடுவதுதான் இங்கே நடக்கக்கூடிய பெரிய நட்டம். டிசம்பர் முடியும்போது கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும்படி ஆர்டர் போடுங்கள்.

பாட்டிலுக்குள் இருக்கும் காற்றும் செலவுதான். லிட்டர் பாட்டிலில் 200 மில்லி மிஞ்சினால் மேலே 800 மில்லி காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், சுமார் 168 மில்லி, ஆக்சிஜன். மிச்சத்தை 200 மில்லி பழுப்புக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றினால் அந்த ஆக்சிஜன் ஒரு சில மில்லியாகிவிடும். அலுமினிய பாட்டிலும் ஏற்றதே. பாலிஸ்டைரின் கப்பில் ஊற்றாதீர்கள், கரையும். ரப்பர் குமிழ் உள்ள சொட்டுக்குழாயை மூடியாக வைக்காதீர்கள், ரப்பர் உப்பிக் கெடும். திறந்த தேதியை பாட்டிலிலேயே எழுதுங்கள்.

மங்கிய எண்ணெயில் 10 மெழுகுவர்த்தி வார்த்துவிட்டால்? மெழுகு, குவளை, திரி, லேபிள் சேர்த்து ஒன்றுக்கு 6 டாலர் என்று கொண்டால் 60, எண்ணெய் 15, மொத்தம் 75 டாலர். லிட்டராக வாங்கி மிச்சம் பிடித்ததாக நினைத்த 15 டாலரைப் போல ஐந்து மடங்கு.

ஆகவே வெனிலா, சந்தனம் வேகமாக விற்றால் லிட்டர் வாங்கலாம். ஆரஞ்சு, எலுமிச்சை எதுவானாலும் ஆறு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். வீட்டுக்குள் இருட்டான அலமாரியில் வையுங்கள்.