கூழைக்கடா கஞ்சி வடிக்கும் விதம்

கூழைக்கடாவின் கீழலகில் தொங்கும் பையைப் பார்த்தவர்கள், பிடித்த மீனை அதில் போட்டுக்கொண்டு கூட்டுக்குப் பறக்கிறது என்றே பெரும்பாலும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பை மீனைச் சேர்த்து வைப்பதற்கானது அல்ல. மீனை முகந்து நீரை வடிப்பதற்கானது. அது எப்படி என்று பார்க்க, பானையில் சோறு வடிக்கும் அடுப்படிக்குப் போவோம்.

சோறு வெந்ததும் பானை வாயில் வடிதட்டை வைத்து, கரித்துணியால் இரண்டையும் அழுத்திப் பிடித்துச் சாய்க்கிறோம். கஞ்சி இறங்கிவிடும், பருக்கை தங்கிவிடும். பிடி கொஞ்சம் தளர்ந்தால் சோறும் கஞ்சிச் சட்டிக்குள் போய்விடும். கூழைக்கடாவுக்குக் கீழலகும் பையும்தான் பானை; மேலலகு வடிதட்டு.

1. முகத்தல்

நம் ஏரிகளில் இருக்கும் புள்ளி அலகுக் கூழைக்கடா வானத்திலிருந்து பாய்ந்து விழாது. நீந்திக்கொண்டே தலையை நீருக்குள் விட்டு வாயைத் திறக்கும். கீழலகின் இரண்டு மெல்லிய எலும்புகளும் வில்லாக வெளிப்பக்கம் வளைய, நடுவிலுள்ள தோல் உப்பி, தண்ணீரும் மீனும் சேர்ந்தே உள்ளே வரும். அமெரிக்காவின் பழுப்புக் கூழைக்கடாவின் பையில் சுமார் 11 லிட்டர் கொள்ளும். பறவையின் எடையோ பெரும்பாலும் நான்கு கிலோ அளவுதான். அவ்வளவு நீரோடு அதனால் எழும்பவே முடியாது. வடித்தே ஆக வேண்டும்.

2. மூடி வடித்தல்

மேலலகு மூடிக்கொள்ளும். அதன் நுனியிலுள்ள சிறு கொக்கி, வழுக்கும் மீனைப் பற்ற உதவும். பிறகு அலகைக் கீழ்நோக்கித் தாழ்த்தி, பையை மார்போடு அழுத்தும். அலகுகளின் இடுக்கு வழியே நீர் ஒழுகிப் போகும். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. பானை இறுகியது, கஞ்சி தானாகத்தான் இறங்க வேண்டும். பையோ சுருங்கிக்கொண்டே நீரை வெளியே தள்ளும்.

3. விழுங்குதல்

நீர் போனதும் தலையை அண்ணாந்து ஒரே விழுங்கு. இவ்வளவு பெரிய வாய்க்குள் நாக்கு மிகச் சிறியது. அதனால் பெரிய மீனுக்கும் வழியில் தடை இல்லை. குஞ்சுக்கான இரையும் தொண்டைக்குள்தான் வருகிறது. பெற்றோரின் வாய்க்குள் தலையை நுழைத்து, அவை கக்கும் பாதி செரித்த மீனைக் குஞ்சுகள் தின்னும்.

ஏன் ஏரியும் குளமும்?

தோலுக்கடியில் காற்றறைகள் நிறைந்திருப்பதால் கூழைக்கடா எளிதில் அமிழாது. கழுத்து எட்டும் ஆழம்வரைதான் அதற்கு மீன். ஆகவே ஆழமில்லாத, மீன் வளமுள்ள நீர்நிலைகளையே தேடும். சில சமயம் கூட்டமாகச் சேர்ந்து மீன்களைக் கரையோரம் ஒதுக்கியும் முகக்கும்.

அருகில் கூடு கட்ட மரமும் வேண்டும். நெல்லை மாவட்டத்தின் கூந்தன்குளத்தில் இவ்விரண்டும் உண்டு. மணிமுத்தாறு கால்வாய் நீர் குளத்தை நிறைக்கிறது. ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. 1994-இல் இது சரணாலயமானது. அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம், அதன்பின் குஞ்சு பறக்க மூன்று மாதத்துக்கும் மேல். அதுவரை அக்கம்பக்கத்துக் குளங்களில் நீர் நிற்க வேண்டும். முன்னதாக வற்றிவிட்டால், பெற்றோர் இரைக்கு வெகுதூரம் அலைய வேண்டியதுதான்.

கரையில் நின்று பார்க்கும்போது

தலையை நீரிலிருந்து எடுத்து அலகை மார்பில் சாய்த்திருந்தால், வடிக்கிறது என்று பொருள். உடனே அண்ணாந்தால் மீன் சிக்கியிருக்கிறது. அண்ணாக்காமல் மறுபடி தலையை நீரில் விட்டால், அந்த முறை வந்தது வெறும் தண்ணீர். நடுப்பகலில் வாயைத் திறந்து பையைப் படபடவென அடித்துக்கொண்டிருந்தால், அது மீன் விவகாரமே அல்ல. உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.