உங்களுக்குத் தெரியுமா? தடிப்பு, தும்மல், மூச்சிரைப்பு

● இறாலோ வேர்க்கடலையோ, முதல் சந்திப்பிலேயே அலர்ஜி வராது. அப்போது உடம்பு சத்தமில்லாமல் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புரதத்தைத் தயாரித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தச் சந்திப்பு வாய்வழியாகத்தான் நடக்கவேண்டும் என்பதில்லை. வெடித்த தோல் வழியாகவும் நடக்கலாம்.

● ஐ.ஜி.இ. போய் ஒட்டிக்கொள்ளும் இடம் மாஸ்ட் செல். தோல், மூக்கு, நுரையீரல், குடல் என வெளியுலகம் உரசும் இடங்களிலெல்லாம் இவை உண்டு. அதே பொருள் மறுபடி வந்து, அடுத்தடுத்துள்ள இரண்டு ஐ.ஜி.இ.களை ஒருசேரப் பிடித்தால் போதும். பொட்டலம் பொட்டலமாக உள்ளே இருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் நிமிடங்களில் வெளியே கொட்டிவிடும்.

● ஹிஸ்டமின் ஒன்றுதான், வேலைதான் இடத்துக்கு இடம் வேறு. தோலில் நுண் ரத்தக் குழாய்கள் கசிந்து தடிப்பு எழும்பும். நரம்பு நுனிகள் சீண்டப்பட்டு அரிப்பு எடுக்கும். மூக்கில் தும்மலும் நீரும். மூச்சுக்குழாயில் லூகோட்ரையீன்கள் என்ற வேதிப்பொருள்களும் கைகோக்க, தசை இறுகி வீசிங் கிளம்பும்.

● காலையில் அடங்கிய மூக்கு மாலையில் மறுபடி அடைத்துக்கொள்வது ஏன்? முதல் சுற்று முடிந்து 4 முதல் 8 மணி நேரத்தில் ஈசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் அங்கே திரண்டுவிடுகின்றன. அதனால் வரும் இரண்டாம் சுற்று அது.

● 1921இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் பிராஸ்னிட்ஸ், மீன் ஒத்துக்கொள்ளாத சக மருத்துவர் ஹைன்ஸ் கூஸ்ட்னரின் ரத்தச் சீரத்தைத் தன் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தடித்துவிட்டது! ரத்தத்தில் என்ன கடந்து வந்தது என்பது 1966இல்தான் பிடிபட்டது. அதுதான் ஐ.ஜி.இ.; கண்டறிந்தவர்கள் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதி இஷிசாகா.

● விஷத்துக்கு நாய்களைப் பழக்கப் பார்த்தார்கள் பிரான்சின் ஷார்ல் ரிஷேயும் பால் போர்த்தியேவும். முதல் ஊசியில் பிழைத்த நாய்கள், சில வாரம் கழித்துப் போட்ட குறைந்த அளவு ஊசியில் செத்து விழுந்தன. 1902இல் இதற்கு ‘அனாஃபிலாக்சிஸ்’ என்று பெயரிட்டார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு.

● பூனை அலர்ஜிக்கு முடிமேல் பழி போடுவது தவறு. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உள்ள புரதமே முக்கியக் காரணம். பூனை நக்கும்போது முடிக்கு அது ஏறுகிறது.

● பார்த்தீனியம் பட்ட தோல் உடனே பொங்காமல், ஓரிரு நாள் கழித்து அரித்துச் சிவப்பதுண்டு. இங்கே வேலை பார்ப்பது ஐ.ஜி.இ. அல்ல, டி செல்கள் என்ற வெள்ளணுக்கள்.

● அலர்ஜி மாத்திரை ஹிஸ்டமினை அழிப்பதில்லை. அது போய் ஒட்டும் ஏற்பிகளை மறித்துக்கொள்கிறது. மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரியும்போது மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தொடைத் தசையில் போடும் அட்ரீனலின் ஊசிதான் முதல் மருந்து. விரிந்த ரத்தக் குழாயைச் சுருக்கும், சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும்.