பணியிடக் கூட்டங்களில் நெறியாளரின் பங்கு: சேலஞ்சர் கலந்தாய்வை முன்வைத்து ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

முடிவெடுக்கும் பொறுப்புடையவரே உரையாடலையும் நடத்தும் கூட்டங்களில், உறுப்பினர்கள் அறிந்த செய்திகள் முழுமையாக வெளிப்படுவதில்லை. முடிவில் பங்கு கொள்ளாத நெறியாளர் ஒருவர் இக்குறையை எவ்வாறு குறைக்க இயலும் என்பதை, 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் சிதறுவதற்கு முந்தைய இரவில் நடைபெற்ற கலந்தாய்வைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூட்ட நெறியாளர், பணியிடக் கூட்டம், குழு முடிவு, நடுநிலை, சேலஞ்சர்

முன்னுரை

பொருள்நிரலை வகுத்தல், பேச வாய்ப்பளித்தல், முடிவை அறிவித்தல் ஆகிய மூன்றையும் தலைவரே செய்வது கூட்டங்களில் வழக்கமாக உள்ளது. மைக்கேல் டாயில், டேவிட் ஸ்ட்ராஸ் ஆகியோர் 1976இல் வெளியிட்ட ‘ஹவ் டு மேக் மீட்டிங்ஸ் ஒர்க்’ என்னும் நூல் இப்பணிகளைப் பிரித்துக் காட்டியது. அவர்கள் ‘ஃபெசிலிட்டேட்டர்’ எனக் குறிப்பிடுபவரே இக்கட்டுரையில் கூட்ட நெறியாளர் எனப்படுகிறார். அவர் தம் கருத்தைக் கூறுவதில்லை. பிறர் கருத்தை மதிப்பிடுவதுமில்லை. உரையாடல் செல்லும் முறைக்கு மட்டுமே பொறுப்பேற்கிறார். பதிவாளர் ஒருவர் கருத்துகளை அனைவரும் காணும் தாளில் எழுதுகிறார். தலைவர் உறுப்பினரைப் போல விவாதத்தில் கலந்துகொள்கிறார். எனினும் இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடமே உள்ளது.

செய்திகள் வெளிப்படாமைக்கான காரணங்கள்

கேரால்ட் ஸ்டேசர், வில்லியம் டைட்டஸ் ஆகியோரின் 1985ஆம் ஆண்டு ஆய்வு, குழுவினர் தாம் அனைவரும் முன்பே அறிந்த செய்திகளையே மிகுதியாகப் பேசுகின்றனர் என்பதையும், ஒருவர் மட்டும் அறிந்த செய்தி விவாதத்தில் இடம்பெறாமல் போகிறது என்பதையும் காட்டியது. மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே ஆகியோர் 1987இல் மற்றொரு காரணத்தைச் சுட்டினர். ஒருவர் பேசும்போது ஏனையோர் காத்திருக்க நேர்வதால் அவர்களிடம் தோன்றும் கருத்துகள் தடைப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் உறுப்பினரின் தயக்கம் மட்டுமே காரணமன்று. கூட்டத்தின் அமைப்பும் காரணமாகும்.

சேலஞ்சர் கலந்தாய்வு

1986 ஜனவரி 27 இரவு, நாசாவின் கென்னடி மையம், மார்ஷல் மையம், திண்ம எரிபொருள் உந்திகளைத் தயாரித்த மார்ட்டன் தயோகோல் நிறுவனம் ஆகிய மூன்றும் தொலைபேசி வழியே கலந்தாய்வு நடத்தின. மறுநாள் கடுங்குளிர் எதிர்பார்க்கப்பட்டது. உந்தியின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் நெகிழ்ச்சியை இழக்கும் என்பதால், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ்) குறைவான வெப்பநிலையில் ஏவக்கூடாது எனத் தயோகோல் பொறியாளர்கள் பரிந்துரைத்தனர். மார்ஷல் மைய அலுவலர்கள் அதனைக் கடுமையாக வினவினர்.

தயோகோல் தரப்பினர் ஐந்து நிமிட இடைவேளை கேட்டனர். அது ஏறத்தாழ அரை மணி நேரம் நீண்டது. அவ்விடைவேளையில் பொறியாளர்களான ரோஜர் பாய்ஷோலி, ஆர்னி தாம்சன் ஆகியோர் தம் அச்சத்தை மீண்டும் விளக்கிய பின்னரும், மேலாளர்கள் நால்வர் மட்டுமே முடிவெடுத்தனர். மீண்டும் இணைப்பில் வந்து ஏவலாம் எனத் தெரிவித்தனர். மாற்றுக் கருத்து எவருக்கேனும் உண்டா எனப் பொதுவாகக் கேட்கப்பட்டபோது எவரும் பேசவில்லை. மறுநாள் ஏவப்பட்ட 73ஆம் நொடியில் விண்ணோடம் சிதறி எழுவர் உயிரிழந்தனர்.

நெறியாளர் செய்யக்கூடியவை

இக்கலந்தாய்வில் நடைமுறைக்கு மட்டும் பொறுப்பான ஒருவர் இல்லை. வினா எழுப்பிய ஒவ்வொருவரும் முடிவில் பங்குடையவராக இருந்தனர். நெறியாளர் ஒருவர் மூன்று இடங்களில் குறுக்கிட வாய்ப்பிருந்தது.

முதலாவது, சான்றுகளின் நிறைவு. அன்று வளையச் சேதம் நிகழ்ந்த பயணங்களின் தரவுகளே ஒப்பிடப்பட்டன. பின்னர் ஆராய்ந்த ரோஜர்ஸ் ஆணையம், சேதமற்ற பயணங்களையும் சேர்த்து நோக்கியது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் நிகழ்ந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம் இருந்தது. 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் நிகழ்ந்த நான்கிலும் சேதம் இருந்தது. ‘இங்கு வைக்கப்படாத தரவு எது?’ என்று கேட்பது நெறியாளரின் இயல்பான பணியாகும்.

இரண்டாவது, வினவும் முறை. பொதுவான வினாவிற்கு அமைதியே எளிய விடை. அவ்வமைதி உடன்பாடாகக் கொள்ளப்படுகிறது. ஆண்ட்ரே டெல்பெக், ஆண்ட்ரூ வான் டி வென் ஆகியோர் 1971இல் அறிமுகப்படுத்திய முறையில் ஒவ்வொருவரும் தம் கருத்தை முதலில் தனியே எழுதுகின்றனர். பின்னர் வரிசையாக ஒவ்வொரு கருத்தும் பட்டியலிடப்படுகிறது. பதவியில் இளையோரின் கருத்தும் இதனால் பட்டியலில் இடம்பெறுகிறது.

மூன்றாவது, முடிவெடுக்கும் விதி. யார் முடிவெடுப்பர், எவ்வாறு எடுப்பர் என்பதை நெறியாளர் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துகிறார். இடையில் விதி மாறினால் அதனை வெளிப்படையாகச் சுட்டுகிறார்.

வரம்புகள்

நெறியாளர் இருந்திருந்தால் விபத்து நிகழ்ந்திராது எனக் கூறவியலாது. சமூகவியலாளர் டயேன் வாகன் 1996இல் வெளியிட்ட நூல், வளையச் சேதத்தை ஏற்கத்தக்கதாகக் கருதும் போக்கு நாசாவில் பல ஆண்டுகளாகப் படிப்படியாக வளர்ந்ததை விளக்குகிறது. நிறுவனப் பண்பாட்டை ஒரு கூட்டத்தின் நெறியாளர் மாற்றிவிட முடியாது. மேலும், தலைவர் முன்னரே முடிவெடுத்துவிட்ட பொருளுக்கு நெறியாளரை அமர்த்துவது, அம்முடிவுக்குக் கூட்டத்தின் ஒப்புதல் இருப்பதான தோற்றத்தை மட்டுமே தரும்.

முடிவுரை

நெறியாளரின் திறன் நயமாகப் பேசுவதில் இல்லை. அறிந்தவர் வாய் திறப்பதற்கான நடைமுறையை அமைப்பதில் உள்ளது. அதற்கு அடிப்படை, முடிவில் அவருக்குப் பங்கின்மை. கல்லூரித் துறைக் கூட்டம், பாடத்திட்டக் குழு போன்றவற்றிலும், கருத்து வேறுபாடு மிக்க பொருள்களுக்கு வேறு துறை ஆசிரியர் ஒருவரை நெறியாளராக அமர்த்துவது செலவின்றி இயல்வதாகும். அதனால் தலைவரின் அதிகாரம் குறைவதில்லை. அவர் எடுக்கும் முடிவுக்கான சான்றுகளே மிகுகின்றன.