செம்பனைக் குலையிலிருந்து கார்பன் இழை வருமா?

மாணவர்களே, நல்ல பூப்பந்து மட்டை இலேசாகவும் உறுதியாகவும் இருக்கக் காரணம் கார்பன் இழை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இந்த இழையின் தடிமன் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான்.

பெரும்பாலான கார்பன் இழை பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற பாலிமர் நூலிலிருந்து கிடைக்கிறது. முதலில் அந்நூலை இழுத்துப் பிடித்தபடி, காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அதன் மூலக்கூறுகள் வளையங்களாகப் பிணையும். அதனால் நூல் பிறகு உருகாது. அடுத்து, நைட்ரஜன் நிறைந்த உலையில் 1000 டிகிரிக்கு மேல் சூடேற்றுவார்கள். ஆக்சிஜன் இல்லாததால் நூல் எரியாது. மற்ற அணுக்கள் வாயுவாக வெளியேறும், கார்பன் மிஞ்சும். எடையில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடும். மண் மூடிய கரிமூட்டத்தில் விறகு சாம்பலாகாமல் கரியாவதும் இப்படித்தான்.

கார்பன் இழையின் தயாரிப்புச் செலவில் சுமார் பாதி அந்த மூல நூலுக்கே போகிறது. ஆகவே, தாவரங்களில் உள்ள லிக்னின் என்ற மலிவான பாலிமரை ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

லிக்னினுக்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோன்னியே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். இன்று ஆலைகளில் பழம் உதிர்த்தபின் எஞ்சும் வெறுங்குலைகளிலும் லிக்னின் இருக்கிறது.

ஆனால் லிக்னின் மூலக்கூறுகள் கிளைகிளையாகப் பிரிந்தவை, நேராக வரிசைப்படுவதில்லை. அதனால் இழையின் வலிமை குறைகிறது. இதற்குத் தீர்வு கிடைத்தால், வயலில் உரமாகப் பரப்பப்படும் வெறுங்குலைக்கும் புதிய மதிப்பு வரும். அத்தீர்வைத் தேடும் பயணம் உங்கள் வேதியியல் நூலின் பாலிமர் பாடத்தில் தொடங்குகிறது.